கொட்டிவிட்ட காப்பி

எனக்குப் பயமே கிடையாது என்று மலேசியாவின் கிள்ளானில் எனக்குப் பெயர். அங்கே பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். வரிசையில் குறுக்கே புகுந்தவனையும், குடித்துவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டியவனையும் வாயாலேயே விரட்டியிருக்கிறேன். "விஜயகுமாரி வாயில விழுந்தா எழுந்திரிக்க முடியாது" என்பார் என் வீட்டுக்காரர். அந்த வாய், செகந்திராபாத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் குளியலறைக்குள் மூச்சு விடக்கூடப் பயந்து மூடிக் கிடந்தது. கைப்பேசி இரண்டு தடவை ஈரத் தரையில் விழப் பார்த்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டுக்காரர் தவறி ஏழு மாதமாகியிருந்தது. அஸ்தியில் பாதியைக் கிள்ளான் கடலில் கரைத்தாயிற்று. மீதி காசிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் ஷோபாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகப் போகாதீங்கம்மா என்று அழுதாள். நான் கேட்டால்தானே? போனேன், கரைத்தேன். திரும்பும்போது ரயிலில் செகந்திராபாத் வந்து, ஒரு நாள் தங்கி, மறுநாள் பகல் ஹைதராபாத்திலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏற வேண்டும். ஷோபா தினமும் காலையில் என்னை ஒப்பிக்க வைப்பாள்: பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்கக் கூடாது, தெரியாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, தெரியாதவர்கள் கொடுப்பதைக் குடிக்கக் கூடாது. முதல் இரண்டையும் நான் ஒரே பகலில் மீறினேன். மீறாத அந்த மூன்றாவதுதான் இன்றைக்கும் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது.

ஸ்டேஷனுக்கு எதிரே கிள்ளானிலிருந்தே பதிவு செய்திருந்த லாட்ஜுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் என் பாஸ்போர்ட்டைத் திறந்தான், மூடினான், திருப்பித் தள்ளினான்.

"ஃபாரினர் நக்கோ அம்மா. சி ஃபார்ம் ப்ராப்ளம்."

வெளிநாட்டுக்காரர் வேண்டாமாம். சி ஃபார்மாவது டி ஃபார்மாவது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த லாட்ஜிலும் அதே கதை. மூன்றாவது லாட்ஜில் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. என் சிம் கார்டு அங்கே வேலை செய்யவில்லை. ரயிலில் இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. நடைபாதையில் பெட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"ரூம் இருக்குன்னு காட்டுவாங்களாம், வந்து நின்னா இல்லைம்பாங்களாம்! இவனுங்க விளங்குவானுங்களா?"

சத்தம்தான் பெரிதாக இருந்தது. இந்த ஊரில் ராத்திரிக்கு எங்கே தலை சாய்ப்பது?

"தமிழா நீங்க?"

திரும்பினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, கையில் கூடை, கூடையில் முருங்கைக்காய். நான் பதில் சொல்வதற்குள் என் பெட்டியின் கைப்பிடி அவள் கையில் இருந்தது.

"அட, தமிழ் பேசறவங்க ரோட்டுல நிக்கறதாவது! நம்ம வீடு மாரெட்பள்ளில, பக்கந்தான். வாங்க. எந்த ஊரு உங்களுக்கு?"

"கிள்ளான்."

"எந்தப் பக்கம் அது, பட்டுக்கோட்டைக்கு அந்தாண்டையா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோக்காரனிடம் தெலுங்கில் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். தமிழ் பேசுகிறவள் வேறு தேசத்துக்காரியாக இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அவள் பெயர் அபயாம்பாள். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் மாயவரத்திலிருந்து வந்தாராம். கணவர் சாம்பசிவம், மத்திய அரசாங்க வேலை, ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். ஒரே மகள் சாஹித்யா, காலேஜில் படிக்கிறாள். இவ்வளவும் ஆட்டோவிலேயே சொல்லி முடித்துவிட்டாள். வீட்டுக்காரரைக் காசியில் கரைத்துவிட்டு வருவதையும், நாளைக்கு விமானம் என்பதையும் நானும் சொன்னேன். மனசு கொஞ்சம் ஆறியது.

வீடு வந்தது. வாசல் முழுக்க இரும்புக் கம்பி அடித்திருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் வலை. நாங்கள் நுழைந்ததும் அபயாம்பாள் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கனத்த பூட்டு ஒன்றை மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பட்டப்பகலில் உள்பக்கமாக எதற்குப் பூட்ட வேண்டும்?

நாற்காலியில் உட்கார வைத்தாள். மின்விசிறியைப் போட்டாள். உள்ளே போய் டபராவும் டம்ளருமாகக் காப்பி கொண்டுவந்தாள். "குடிங்க, முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். ஷோபாவின் குரல் காதுக்குள் கேட்டது. காப்பி வாசனை ஆளைத் தூக்கியது. ஆனாலும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாஷ் பேசினில் கொட்டி, குழாயைத் திறந்து கழுவிவிட்டேன்.

திரும்பி வந்தவள் காலி டம்ளரைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"சர்க்கரை போதுமா?"

"போதும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்லும் கழுதை நான்.

சாஹித்யா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, வைஃபை ஹோனா க்யா?" என்று அந்த ஊர் இந்தியில் வேண்டுமா என்று கேட்டு, அவளே என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண். இவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சாம்பசிவம் உள்ளறையிலிருந்து வந்தார். ஒல்லி ஆள், நெற்றியில் விபூதி. கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எங்கேருந்து வரீங்கம்மா?"

"கிள்ளான்ங்க. மலேசியா."

நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"அப்ப... பாஸ்போர்ட் வச்சிருப்பீங்க இல்லீங்களா? கொஞ்சம் பாக்கலாமா?"

கேட்டது அந்த வீட்டுக்கு உடையவர். என்னை உட்கார வைத்து மின்விசிறி போட்ட வீடு. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். விசாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டோடு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் பேசினார். தெலுங்கு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. நடுநடுவே வந்து விழுந்த ஆங்கில வார்த்தைகள் மட்டும் புரிந்தன. ஃபாரின் லேடி. விடோ. அலோன், சார், அலோன். டுமாரோ ஃப்ளைட். பாஸ்போர்ட் இஸ் வித் மீ, சார்.

நான் தனியாள் என்பதையும், நாளைக்குப் போய்விடுவேன் என்பதையும் எவனோ ஒருவனுக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? யார் அந்தச் சார்?

வெளியே வந்த சாம்பசிவம் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மனைவியிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். "அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்" என்று அவள் அடக்கிச் சொன்னது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. அவர் என் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்பிக் கதவைத் திறந்து, வெளியிலிருந்து பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் போனார்.

"ஐயா எங்க போறாரு?" குரல் கீச்சென்று வந்தது எனக்கு.

"சும்மா, கடைக்குத்தான். நீங்க குளிச்சிட்டு வாங்க. சாப்பாடு ஆயிடுச்சு." சொல்லும்போது அபயாம்பாள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நடந்துபோய்ச் சமையலறை ஜன்னலையும் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தேன். ஈரக்குலை நடுங்கியது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். என்னை என்ன செய்வார்கள்? பாஸ்போர்ட்டை விற்பார்களா? ஷோபாவைக் கூப்பிட்டு மிரட்டுவார்களா? நான் செத்தால் அவள் தனியாக இந்த ஊருக்கு வந்து என்னை அடையாளம் காட்ட வேண்டுமா? ஏழு மாதத்தில் அப்பாவும் போய் அம்மாவும் போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? ஐயோ, என் திமிரே என்னைக் கொண்டுவந்து தள்ளிவிட்டதே என்று சத்தம் வராமல் அழுதேன். ஆவியாக வந்தாவது காப்பாற்றுங்கள் என்று வீட்டுக்காரரை வேறு கூப்பிட்டேன்.

அழுதுகொண்டே ஷோபாவுக்குத் தட்டினேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். போலீசைக் கூப்பிடு. இருக்கும் இடத்தையும் அனுப்பினேன். அப்போது மணி ஒன்று இருபத்தைந்து. அந்த நேரம் எனக்கு மறக்கவே மறக்காது.

ஷோபா சும்மா இருப்பாளா? அவளோடு வேலை செய்யும் பெண்ணின் தம்பி ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவில் இருந்தான். அவன் மூலமாகப் போலீசுக்குத் தகவல் போய்விட்டது. "பயப்படாதீங்கம்மா, வர்றாங்க. கதவைத் திறக்காதீங்க" என்று எழுதினாள்.

"அக்கா, இன்னுமா குளிக்கறீங்க? உடம்புக்கு முடியலையா?" அபயாம்பாள் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். "அக்கா! எதுக்கு இப்படி பயமுறுத்தறீங்க? ஒரு சத்தம் குடுங்களேன்!" தட்டத் தட்ட நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அபயாம்பாளை இடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் எஸ்.ஐ., சட்டையில் உஷா என்று பெயர், கூட ஒரு போலீஸ்காரர். அதே நேரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சாம்பசிவம், கையில் சாவியோடு நின்றார். அவர் சட்டைப் பையில் என் பாஸ்போர்ட் வெளியே தெரிந்தது. எஸ்.ஐ. அதைத்தான் பார்த்தார்.

"நீங்கதான் கம்ப்ளெய்ன்ட் குடுத்த மேடமா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமா! அந்தா, அவர்கிட்டதான் என் பாஸ்போர்ட் இருக்கு!"

சாம்பசிவம் கதவைத் திறக்க முயன்றார். சாவியைப் பூட்டில் நுழைக்கவே அவரால் முடியவில்லை. அபயாம்பாள்தான் உள்ளேயிருந்து தன் சாவியால் திறந்தாள். எஸ்.ஐ.யும் போலீஸ்காரரும் உள்ளே வந்தார்கள். வந்த மறு நொடி, அழுதுகொண்டிருந்த அபயாம்பாள், தன்னையறியாமல், அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

எஸ்.ஐ. திரும்பிப் பார்த்தார். "நன்னு கூடா லாக் சேஸ்துன்னாரா?" என்னையும் பூட்டறீங்களா என்று கேட்கிறார் என்பது தெலுங்கு தெரியாத எனக்கே புரிந்தது.

அபயாம்பாள் திகைத்துப்போய் மதில் பக்கம் கையைக் காட்டினாள். மதில் மேல் ஐந்தாறு குரங்குகள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டியது. "மங்க்கீஸ், ஆன்ட்டி," என்றாள் சாஹித்யா என்னிடம். "கேட் ஓப்பன் இருந்தா கிச்சன் வரைக்கும் ஆ ஜாத்தே, வந்துடும். போன வாரம் பக்கத்து வீட்டுல பாட்டியைக் கடிச்சிடுச்சு."

நான் அந்தப் பூட்டையும் குரங்குகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சாம்பசிவம் பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் எடுத்து எஸ்.ஐ.யிடம் நீட்டினார். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு அதை என்னிடமே கொடுத்தார். என் பெயர், என் படம், மாரெட்பள்ளி முகவரி. மேலே சி ஃபார்ம் என்று அச்சடித்திருந்தது. வெளிநாட்டுக்காரர் யாராவது ஒரு வீட்டில் தங்கினால், அந்த வீட்டுக்காரர் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு இதை அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் நாளைக்கு விமான நிலையத்தில் என்னைக் கேள்வி கேட்கலாமாம். இதற்குப் பயந்துதான் அந்த லாட்ஜுக்காரர்கள் என்னை விரட்டியிருக்கிறார்கள். தாளின் கீழே பதிவான நேரம் இருந்தது. பகல் ஒன்று பத்து. நான் வாளி மேல் உட்கார்ந்து அவரைத் திருடனாக்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால், அந்த மனிதர் வெயிலில் நெட் சென்டருக்குப் போய் எனக்காக இதை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அந்த போன்?" என்றேன்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அபயாம்பாள் வெடித்தாள்.

"அவரு ஆபீசுக்கு! ராணுவத்துக்கு ஆராய்ச்சி பண்ற ஆபீசு அது. வெளிநாட்டுக்காரங்க வீட்டுக்கு வந்தா உடனே சொல்லணும். சொன்னாரு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள ஓட்டலுக்கு அனுப்பிடு, ஒரு காகிதமும் வேணாம், விட்டுடறோம்னாங்க. மூணு மாசத்துல பென்ஷன் வாங்கப்போறவரு. ஹவ், சரின்னு சொல்லிட்டு உங்களை அனுப்பியிருக்கலாம். இவரு என்னடான்னா, எந்த ஓட்டல்லயும் சேத்துக்க மாட்டாங்க சார், நான் எழுதியே குடுத்துடறேன், இங்கேயே இருக்கட்டும்னுட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். புருஷனைக் கரைச்சிட்டு வந்திருக்கீங்க, பயந்துடுவீங்கன்னு!"

சாம்பசிவம் அவளை அடக்கப் பார்த்தார். "விடு அபயா. தெரியாத ஊரு. பயந்துட்டாங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தகவல் பதிவாகிவிட்டது என்றார். வெளிநாட்டுப் பெண்ணை அடைத்து வைத்ததாகப் புகார். நான் இப்போது வாயால் இல்லை என்று சொன்னால் போதாது. "மிரட்டி மாத்திட்டாங்கன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க. அவர் ஆபீசுலயும் கேப்பாங்க. எதனால சந்தேகப்பட்டீங்க, என்ன பாத்தீங்க, என்ன நினைச்சீங்க, ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. அப்பதான் இவர் பேர் சுத்தமாகும்."

எழுதினேன். எனக்கு எழுத்தென்றால் தமிழ்தான். போலீசுக்கும் ஆபீசுக்கும் ஆங்கிலத்தில் வேண்டுமே. சாஹித்யாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் நான் எழுதியதை வரி வரியாக உரக்கப் படிக்க வேண்டும், அவள் மடிக்கணினியில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கூடத்தில் எஸ்.ஐ. இருந்தார், சாம்பசிவம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அபயாம்பாள். அது சின்ன வீடு, எங்கே இருந்தாலும் எல்லாம் கேட்கும்.

பூட்டைப் பார்த்துப் பயந்ததைப் படித்தேன். தொலைபேசியை ஒட்டுக் கேட்டதைப் படித்தேன். அடுத்த வரி காப்பி. அந்த வரியை விட்டுவிடலாமா என்று பேனா எடுத்த நேரத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று விடாமல் என்று சொல்லிவிட்டாரே. அதோடு அந்த மனிதர் ஒரு வரியும் மறைக்காமல் தன் ஆபீசுக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னவர்.

"அந்த அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்தார். அதில் ஏதாவது கலந்திருப்பார் என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் வாஷ் பேசினில் கொட்டிவிட்டேன். நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்."

சாஹித்யாவின் விரல்கள் நின்றன. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண் மெதுவாக அதையும் அடித்தாள்.

கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. இரண்டு தடவை படித்துவிட்டு, இத்தோடு முடிந்தது, திங்கட்கிழமை ஆபீசில் கேட்டால் இந்த நகலைக் காட்டுங்கள் என்று சாம்பசிவத்திடம் சொன்னார். பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். ஜீப் போயிற்று. கதவு பூட்டப்பட்டது.

நான் பெட்டியை இழுத்து நிமிர்த்தினேன். "நான் ஏர்போர்ட்லயே போய் உக்காந்துக்கிறேன்ங்க. இனி உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்லைலா." பேருந்து நிலையத்தையே அதட்டிய வாய் கோணிக்கொண்டு அழுதது.

சாம்பசிவம் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அங்கிருந்து பால் பொங்கும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அபயாம்பாள் டபராவும் டம்ளருமாக வந்து என் எதிரே நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. காப்பியை ஒரு ஆற்று ஆற்றினாள். டம்ளரை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாதியைக் குடித்தாள். மீதிப் பாதியை என் முன்னால் வைத்தாள்.

"இப்ப குடிங்க."

குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் நிறுத்தாமல் குடித்தேன். அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சர்க்கரை போதுமா?"

"போதலை" என்றேன்.